லைன் வண்டியா, யார்டு டிரெய்லரா: மாறுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் நாற்பது வயதை நெருங்கும் லாரி ஓட்டுநர்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: வெளிமாநிலங்களுக்கு நாட்கணக்கில் ஓடும் லைன் வண்டியை விட்டுவிட்டு, துறைமுக யார்டில் டிரெய்லர் ஓட்டப் போகலாமா? நான் 14 ஆண்டுகள் குஜராத்துக்கும் மகாராஷ்டிரத்துக்கும் பன்னிரண்டு சக்கர லாரி ஓட்டியவன். கடந்த 5 ஆண்டுகளாக எண்ணூர்ப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் முனையத்தின் யார்டுக்குள் ஓட்டுகிறேன். இரண்டையும் பார்த்தவன் என்பதால் ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் பதில் கிடைக்கும் என்று கேட்பவர்கள் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் அந்தப் பதில், யார்டில் ஒரு ஷிஃப்ட் எத்தனை மணி நேரம் என்பதையும், யார்டிலிருந்து அவருடைய வீடு எத்தனை கிலோமீட்டர் என்பதையும் பொறுத்தது. இவற்றைக் கேட்காமல் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்து சேர்ந்தவர்களில் பலர் ஆறு மாதத்துக்குள் மீண்டும் லைனுக்குத் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

யார்டு வேலை என்பது என்ன என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். கப்பலிலிருந்து பெரிய கிரேன் இறக்கும் கன்டெய்னர் பெட்டியை வாங்கிக்கொண்டு, அரை கிலோமீட்டரோ ஒரு கிலோமீட்டரோ ஓட்டிச் சென்று, அடுக்கும் இடத்தில், சக்கரத்தில் நகரும் ஆர்.டி.ஜி. கிரேனின் கீழே நிறுத்தி, பெட்டியைத் தூக்கியதும் அடுத்ததற்குத் திரும்புவதுதான் வேலை. கப்பலில் ஏற்றும்போது இதுவே தலைகீழாக நடக்கும். வண்டியை ஐ.டி.வி. என்பார்கள்; அது வாசலைத் தாண்டி வெளியே போவதே இல்லை. ரயில் பெட்டக நிலையங்கள், சி.எஃப்.எஸ். எனப்படும் சரக்குக் கிடங்குகள், சிமென்ட் ஆலைகள் ஆகியவற்றின் வளாகங்களுக்குள்ளும் இதே மாதிரியான வேலை உண்டு. டோல் இல்லை, ஆர்.டி.ஓ. இல்லை, தார்ப்பாய் கட்டுவது இல்லை, ரிட்டர்ன் லோடுக்காக, லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸ் வாசலில் நாட்கணக்கில் படுத்திருப்பதும் இல்லை. இந்த ‘இல்லை’களைக் கேட்டதும் மனம் உடனே சாய்ந்துவிடும் என்பதால்தான், பணக் கணக்கை முதலில் போடச் சொல்கிறேன்.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காகச் சில தொகைகளை எடுத்துக்கொள்வோம். உங்கள் தொகை வேறாக இருந்தால் அதைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். லைன் வண்டியில் மாதம் 26 நாட்கள் வெளியே இருந்து, படியும் வாடகையில் வரும் பங்கும் சேர்த்து 35,000 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் சாப்பாடு, டீ, குளியல் ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு 300 ரூபாய் போனால் 7,800 ரூபாய் கழிந்து, வீட்டுக்கு 27,200 ரூபாய் சேரும். யார்டில் மொத்தச் சம்பளம் 20,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 15,000 ரூபாய் என்று கொள்வோம். பி.எஃப். 12 சதவீதமாக 1,800 ரூபாயும், தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. 0.75 சதவீதமாக 150 ரூபாயும் பிடித்தது போகக் கைக்கு 18,050 ரூபாய் வரும். மாதத்துக்கு 9,150 ரூபாய் குறைவு. வீட்டுக் கடனோ, மகளின் கல்லூரிக் கட்டணமோ ஓடிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை அல்ல என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் ஆண்டில் இந்தக் குறைவை நகையை அடகு வைத்துத்தான் நான் சமாளித்தேன்.

ஆனால் மாதச் சம்பளத்தை மாதச் சம்பளத்தோடு ஒப்பிடுவது அரைக் கணக்குதான். லைனில் ஒரு நாள் என்பது ஸ்டியரிங் பிடிக்கும் நேரமும், லோடு ஏற்றி இறக்கக் காத்திருக்கும் நேரமும் சேர்ந்து 14 மணி நேரத்துக்குக் குறைவதில்லை. கேபினில் தூங்கும் நேரத்தைச் சேர்க்காமலே 26 நாட்களுக்கு 364 மணி நேரம் ஆகிறது. 27,200 ரூபாயை அதனால் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 75 ரூபாய். யார்டில் 8 மணி நேர ஷிஃப்ட் என்றால் 26 நாட்களுக்கு 208 மணி நேரம்; 20,000 ரூபாயை வகுத்தால் மணிக்கு 96 ரூபாய். அதே யார்டில், அதே 20,000 ரூபாய்க்கு, 12 மணி நேரத்தை ஒரு டூட்டி என்று ஒப்பந்ததாரர் வைத்திருந்தால் 312 மணி நேரம் ஆகி, மணிக்கு 64 ரூபாயாக விழுந்துவிடுகிறது. அதாவது 8 மணி நேர யார்டு லைனைவிட மேல். 12 மணி நேர யார்டு லைனைவிடக் கீழ். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961ஆம் ஆண்டுச் சட்டமே வரையறுத்தது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி என்றும் சொன்னது. லைன் வண்டியில் இந்த வரையறையை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. யார்டில் வருகைப் பதிவு இருக்கிறது, வாசலில் அட்டை தேய்க்க வேண்டியிருக்கிறது. அதனால் கேட்பதற்காவது ஓர் ஆதாரம் கையில் இருக்கும். கேட்டால் கிடைக்குமா என்பது ஒப்பந்ததாரரைப் பொறுத்தது.

சம்பளச் சீட்டில் பிடித்தம் என்று தெரிகிற தொகையை இழப்பாகப் பார்ப்பது லைன்காரர்களின் பழக்கம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. 14 ஆண்டுகள் லாரி ஓட்டி முடித்தபோது என் பெயரில் பி.எஃப். கணக்கு என்ற ஒன்றே இல்லை. இடையில் இடுப்பு வலியால் இரண்டு மாதம் படுத்திருந்தபோது ஒரு ரூபாய் வரவில்லை, உரிமையாளர் நல்லவர் என்பதால் முன்பணம் கொடுத்தார், அதுவும் கடனாகத்தான். யார்டில் நாம் கட்டும் 1,800 ரூபாயோடு நிறுவனமும் அதே அளவு கட்டுகிறது. அதில் 1,250 ரூபாய் ஓய்வூதியக் கணக்குக்கும் 550 ரூபாய் பி.எஃப். கணக்குக்கும் போகிறது. 10 ஆண்டுகளில், வட்டியைச் சேர்க்காமலே, பி.எஃப். கணக்கில் மட்டும் 2,82,000 ரூபாய் சேரும். 5 ஆண்டுகள் தொடர்ந்து வேலை பார்த்துவிட்டால் பணிக்கொடைக்கும் உரிமை வந்துவிடும். 15,000 ரூபாய் அடிப்படையில் 10 ஆண்டுகளுக்கு அது ஏறக்குறைய 86,500 ரூபாய். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் குடும்பத்துக்கே மருத்துவம் கிடைக்கும். தகுதியான நாட்கள் சந்தா கட்டியிருந்தால், நோயுற்றுப் படுக்கும் காலத்தில் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வரும்.

இதில் வயது ஒரு முக்கியமான முடிச்சு. பி.எஃப். ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 ஆண்டுகள் சேவை வேண்டும். 58 வயதில் அது முடிகிறது. ஆகவே 48 வயதுக்குப் பிறகு முதன்முதலாக இந்தத் திட்டத்துக்குள் வருபவருக்கு மாத ஓய்வூதியம் என்பதே எட்டாது, கட்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். 15,000 ரூபாய் அடிப்படையில் 10 ஆண்டுக்கான ஓய்வூதியம் மாதம் 2,143 ரூபாய் என்பது வாழப் போதுமான தொகை அல்ல என்றாலும், 58 வயதில் கண் மங்கிய ஒரு லைன் ஓட்டுநருக்கு மாதந்தோறும் வருவது சுழியம் என்பதோடுதான் அதை ஒப்பிட வேண்டும். இ.எஸ்.ஐ.யிலும் ஓர் எல்லை இருக்கிறது: மாத ஊதியம் 21,000 ரூபாயைத் தாண்டினால் அந்தத் திட்டத்துக்குள் சேர முடியாது. 22,000 தருகிறேன் என்று ஒருவரும் 20,500 தருகிறேன் என்று இன்னொருவரும் சொன்னால், நோயாளிப் பெற்றோரை வைத்திருப்பவருக்கு இரண்டாவதே லாபமாக இருக்கக்கூடும்.

இனி வீட்டுத் தூரம். உள்ளூர் வேலை என்ற சொல் யாருடைய உள்ளூரைக் குறிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மீஞ்சூர், பொன்னேரி, திருவொற்றியூர், மணலி ஆகிய ஊர்களில் வீடு இருப்பவருக்குக் காட்டுப்பள்ளி, எண்ணூர் யார்டுகள் உண்மையிலேயே உள்ளூர்; தூத்துக்குடிக்காரருக்கு வ.உ.சி. துறைமுகமும் அப்படித்தான். நாமக்கல்லிலிருந்து சென்னை 350 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து வருபவர் நான்கு பேரோடு அறை எடுத்து, வாடகைப் பங்கு 2,500 ரூபாய், மெஸ்ஸுக்கு 5,000 ரூபாய், மாதம் இரண்டு முறை ஊருக்குப் போய்வர 2,000 ரூபாய் என்று செலவழித்தால், 18,050 ரூபாயில் வீட்டுக்குப் போவது 8,550 ரூபாய்தான். அவர் கேபினை விட்டு அறைக்கு மாறியிருக்கிறார், வீட்டுக்கு மாறவில்லை. நானும் முதல் 14 மாதங்கள் அப்படித்தான் இருந்தேன், பிறகு குடும்பத்தை மீஞ்சூருக்கு அழைத்து வந்த பின்புதான் இந்த மாற்றத்துக்கு அர்த்தம் வந்தது. பிள்ளைகளின் பள்ளியை மாற்றுவது, மனைவி ஊரில் பார்த்துவந்த தறி வேலையை விடுவது, வயதான தாயாரைத் தம்பியிடம் விடுவது ஆகியவை எல்லாம் இதில் அடங்கும். இவற்றுக்கு ரூபாய்க் கணக்குப் போட எனக்குத் தெரியவில்லை. குடும்பம் நகர முடியாது என்றால், துறைமுகத்தை மறந்துவிட்டு, சங்ககிரியின் சிமென்ட் ஆலை, எண்ணெய்க் கிடங்கு வளாகங்களிலோ, கோவை இருகூர்ப் பக்கத்துப் பெட்டக நிலையத்திலோ உள்வளாக வேலை இருக்கிறதா என்று விசாரிப்பதே முறை. சம்பளம் 2,000 குறைந்தாலும் அது லாபம்.

ஆபத்தைப் பற்றி இரண்டு பக்கமும் தவறான எண்ணம் இருக்கிறது. தருமபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் தொப்பூர் கணவாயில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கிப் பிரேக் பிடிக்காமல் போன வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு, மணிக்கு இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் யார்டு சொர்க்கமாகத்தான் தோன்றும். விடியற்காலை மூன்று மணிக்குக் கண் சொக்கி, ஒரு நொடி கழித்து விழிக்கும்போது வண்டி வேறு தடத்தில் இருக்கும் அந்த அனுபவம் யார்டில் உயிரை வாங்குவது அரிது. ஆனால் யார்டுக்கே உரிய ஆபத்துகள் உண்டு. பெட்டியை டிரெய்லரோடு பிணைக்கும் டுவிஸ்ட் லாக் நான்கில் ஒன்று திறக்காமல் இருந்து, கிரேன் தூக்கினால், பெட்டியோடு சேர்ந்து வண்டியும் மேலே எழும்பும்; ஓட்டுநர் உள்ளே இருப்பார். கிரேனுக்குக் கீழே கேபினை விட்டு இறங்குவது, ரிவர்ஸ் எடுக்கும்போது பெட்டியைச் சரிபார்க்கப் பின்னால் நிற்கும் செக்கரைக் கவனிக்காமல் விடுவது, இரண்டு பெட்டி அடுக்குகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத முனையில், பெட்டி தூக்கும் வண்டியான ரீச் ஸ்டாக்கர் திடீரென்று வருவது ஆகிய மூன்றும் நான் பார்த்த விபத்துகளின் காரணங்கள். லைனில் ஆபத்து வேகத்தில் இருக்கிறது; யார்டில் அது பழக்கத்தில் இருக்கிறது, முந்நூறாவது பெட்டியைத் தூக்கும்போது முதல் பெட்டிக்குக் கொடுத்த கவனம் இருக்காது.

சட்டத்தின் பக்கம் பார்த்தால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை சிறை என்கிறது; பழைய சட்டத்தில் அது 2 ஆண்டாக இருந்தது. விபத்துக்குப் பின் தகவல் தராமல் தப்பிச் சென்றால் 10 ஆண்டு வரை என்ற அதன் உட்பிரிவை எதிர்த்துத்தான் 2024 ஜனவரியில் நாட்டின் பல பகுதிகளில் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தினார்கள். 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. வேற்று மாநிலத்தில், மொழி தெரியாத ஊரில், கூட்டம் கூடும்போது வண்டியை விட்டு ஓடுவதா நிற்பதா என்று முடிவெடுக்க வேண்டிய அந்த நிலை யார்டு ஓட்டுநருக்கு வருவதில்லை. அதற்காக யார்டுக்குள் நடக்கும் மரணத்துக்கு வழக்கு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருக்கிறது என்பதுதான் வேறுபாடு, அது சில சமயம் நமக்கே துணையாகவும் இருக்கும்.

உடம்பைப் பற்றி நான் எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறு. வீட்டுச் சாப்பாட்டினால் சர்க்கரை குறைந்தது உண்மை. தூக்கம் சரியாகவில்லை. கப்பலுக்கு இரவு பகல் இல்லை. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், அடுத்த வாரம் மாலை, அதற்கடுத்த வாரம் இரவு என்று சுழலும்போது, லைனில் அகப்பட்ட நேரத்தில் தூங்கிப் பழகிய உடம்புகூடத் தடுமாறுகிறது. பகலில் தூங்க வேண்டிய வீட்டில் பிள்ளைகளின் சத்தமும் குக்கர் விசிலும் இருக்கும். இடுப்பும் கழுத்தும் யார்டில் கூடுதலாக வலிக்கின்றன, ஏனெனில் ஒரு ஷிஃப்டில் எத்தனையோ முறை திரும்பிப் பார்த்து ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. குளிரூட்டியைப் பற்றியும் ஒரு சொல்: 2025இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி புதிதாகத் தயாராகும் கனரக லாரிகளில் ஓட்டுநர் கேபினுக்குக் குளிரூட்டி கட்டாயம் ஆகிவிட்டது. எங்கள் யார்டில் ஓடுபவை பழைய வண்டிகள்; சித்திரை மாதத்தில், நாலா பக்கமும் இரும்புப் பெட்டிகள் காய்ந்து நிற்கும் நடுவில், அந்தக் கேபினில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

ரிவர்ஸ் என்றதும் இன்னொன்று. நாமக்கல் வட்டார ஓட்டுநர்களில் பெரும்பாலோர் கேபினும் சரக்குப் பகுதியும் ஒரே சட்டத்தில் இருக்கும் லாரி ஓட்டியவர்கள், டிரெய்லர் வேறு. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்கிறோமோ அதற்கு எதிர்ப்பக்கம் டிரெய்லரின் வால் போகும், கொஞ்சம் தாமதித்துத் திருத்தினாலும் நடுவில் மடிந்து நிற்கும். 14 ஆண்டு அனுபவம் என்ற பெருமையோடு போன நான், முதல் வாரத்தில் 40 அடிப் பெட்டியை இரண்டு கோடுகளுக்கு நடுவே நிறுத்த முடியாமல், என் மகன் வயதுப் பையன் ஒருவன் கையசைத்து வழிகாட்ட நின்றேன். அதுகூடப் பரவாயில்லை, லைனில் வண்டி கிளம்பினால் நான்தான் ராஜா, எங்கே நிறுத்துவது, எங்கே டீ குடிப்பது, எந்தச் சாலையில் போவது என்பதெல்லாம் என் முடிவு. யார்டில் கேபினுக்குள் இருக்கும் சின்னத் திரை அடுத்த பெட்டி எங்கே என்று சொல்லும், வயர்லெஸ்ஸில் சூப்பர்வைசர் ஏன் தாமதம் என்று கேட்பார். இதைத் தாங்க முடியாமல் வேலையை விட்டவர்கள், சம்பளம் போதாமல் விட்டவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர்.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்றைச் சிலர் பரிந்துரைப்பார்கள்: துறைமுகத்துக்கும் சி.எஃப்.எஸ்.களுக்கும் இடையே ஓடும் லோக்கல் டிரெய்லர். டிரிப்புக்கு இவ்வளவு என்று காசு, ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் துறைமுக வாசலில் வரிசை நின்றுவிட்டால் 20 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஒரு பகலும் இரவும் கேபினிலேயே போகும். டிரிப் காசு மட்டும் ஒன்றுதான். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பெரும்பாலும் இருக்காது, மாநகரப் போலீசின் அபராதம் இருக்கும், வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தும் போக முடியாத எரிச்சலும் இருக்கும். டிரெய்லர் ரிவர்ஸ் பழகிக்கொள்ள மூன்று நான்கு மாதம் அதில் இருந்துவிட்டு யார்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு மேல் அதில் நிலைப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஆக, வீடு யார்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இருந்து, 8 மணி நேர ஷிஃப்ட் என்று எழுத்தில் இருந்து, வயது 48க்குள் இருந்தால் லைனை விடலாம் என்பேன். மாதம் 9,000 ரூபாய்க் குறைவைச் சமாளிக்க ஓராண்டுக்காவது ஏற்பாடு செய்துகொண்டு விடலாம். கடன் பெரிதாக இருந்து, இன்னும் இரண்டு ஆண்டில் முடியும் என்றால், முடித்துவிட்டு வருவதே நல்லது. முப்பது வயதுக்காரர், திருமணம் ஆகாதவர், உடம்பில் தெம்பு இருக்கிறது, சொந்தமாக ஒரு வண்டி எடுக்கும் எண்ணம் இருக்கிறது என்றால் யார்டு அவருக்கான இடம் அல்ல, அங்கே புக்கிங் ஆபீஸ் பழக்கமோ வாடகை பேசும் சாமர்த்தியமோ வளராது. (லைன் ஓட்டுநருக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள் என்பதற்காகவே யார்டுக்கு வந்த இளைஞர்கள் இருவர் எங்கள் ஷிஃப்டில் இருக்கிறார்கள், இருவருக்கும் திருமணமாகிவிட்டது, ஒருவர் லைனுக்கே திரும்பப் பார்க்கிறார்.)

சேர்வதற்கு முன், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் யார்டு வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடையில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். வெளியே வரும் ஓட்டுநர்களிடம், சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, கப்பல் இல்லாத நாளுக்குச் சம்பளம் உண்டா, புயல் எச்சரிக்கையில் துறைமுகத்தை மூடினால் கூலி வெட்டுகிறார்களா, பெட்டியில் கீறல் விழுந்தால் யாரிடம் பிடிக்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்வது முனையமா, அதன் ஒப்பந்ததாரரா, அந்த ஒப்பந்ததாரருக்குக் கீழே இன்னொருவரா என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். சேர்ந்த மூன்றாவது மாதம் பி.எஃப். பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். சீட்டில் பிடித்த 1,800 ரூபாய் கணக்கில் ஏறவில்லை என்றால், மேலே நான் போட்ட கணக்கில் பாதி அங்கேயே உடைந்துவிடும், அப்போது திரும்பிப் போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அதற்காகவே லைசென்ஸை உயிரோடு வைத்திருங்கள். யார்டுக்குள் யாரும் கேட்பதில்லை என்று அசட்டையாக விட்டவர்கள் இருக்கிறார்கள். கனரக லைசென்ஸ் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. காலாவதியாகி ஓராண்டு கடந்தால் மீண்டும் ஆர்.டி.ஓ. முன் ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும். கேஸ் டேங்கர், பெட்ரோல் டேங்கர் ஓட்டியவர்களுக்கு அபாயகரச் சரக்குக்கான அனுமதி 3 ஆண்டு மட்டுமே செல்லும், அதைப் புதுப்பிக்க ஒரு நாள் பயிற்சியும் உண்டு. ஊரில் உங்களுக்கு வண்டி கொடுத்த உரிமையாளரிடம் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பாமல், சரக்குக் கணக்கை முடித்துச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.